தண்டனைக்கு முந்தைய ஐந்து நிமிடம்



'குற்றவியல் நீதியில் சட்டமும் சமூக அறிவியலும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்பு கையில் கிடைத்தால் துர்கைமில் தொடங்கி ஃபூக்கோ வரை ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். அதை இங்கே இருக்கும் சமூகவியல் மாணவர்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள். நான் செஷன்ஸ் கோர்ட் வக்கீல். எனக்குப் பழக்கமான இடத்திலிருந்து, ஒரு சட்டத்தின் ஓர் உட்பிரிவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 235, உட்பிரிவு 2. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258(2) ஆகியிருக்கிறது. எண்தான் மாறியது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, என்ன தண்டனை என்று முடிவெடுக்கும் முன், தண்டனையைப் பற்றி அவர் சொல்வதை நீதிபதி கேட்க வேண்டும். அவ்வளவுதான் அந்த உட்பிரிவு.

கோர்ட்டுக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காக, அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காலை பதினொன்றரை மணிக்குத் தீர்ப்பு. முதலாம் எதிரி மீதான கொலைக் குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது என்று நீதிபதி வாசிக்கிறார். கூண்டில் நிற்பவருக்குப் பாதி புரிகிறது. மீதியை எஸ்கார்ட் போலீஸ்காரரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். "தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்றீங்களா?" என்று நீதிபதி கேட்கிறார். அவர் கைகூப்பி, "அம்மாவுக்கு வயசாயிருச்சுங்கய்யா. ரெண்டு பொம்பளப் புள்ளைக. பாத்துப் போடுங்கய்யா" என்கிறார். எங்கள் ஆள் எழுந்து, இளம் வயது, முன் குற்றம் எதுவும் இல்லை, குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரே நபர் என்று மூன்று வாக்கியம் சொல்கிறார். அரசு வழக்கறிஞரான பி.பி. எழுந்து, கொடூரமான குற்றம், அதிகபட்ச தண்டனை வேண்டும் என்கிறார். ஸ்டெனோ குறித்துக்கொள்கிறார். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் தண்டனை அறிவிக்கப்படுகிறது.

தீர்ப்பு நகலில் இந்த ஐந்து நிமிடம் ஒரு பத்தியாக இருக்கும். 'எதிரியிடம் தண்டனை குறித்து வினவப்பட்டதில்' என்று தொடங்கும் அந்தப் பத்தியைப் பத்துத் தீர்ப்புகளிலிருந்து எடுத்து அடுக்கினால் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும். அதே வழக்கில் கத்தி எத்தனை சென்டிமீட்டர், ரத்தக்கறை பட்ட மண்ணை எத்தனை மணிக்கு எடுத்தார்கள், மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி அந்த ஊர்க்காரரா என்பதற்கெல்லாம் அரை நாள் குறுக்கு விசாரணை நடந்திருக்கும். கூண்டில் நின்ற மனிதரைப் பற்றி யாரும் யாரையும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த உட்பிரிவை இயற்றியவர்கள் இதையா நினைத்தார்கள்? இல்லை. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. சட்ட ஆணையம் தன் 48-ஆவது அறிக்கையில், தண்டனை விதிப்பவருக்குக் குற்றத்தைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதாது, குற்றம் செய்தவரைப் பற்றியும் தெரிய வேண்டும் என்று சொல்லி இதைப் பரிந்துரைத்தது. 1976-இல் சந்தா சிங் வழக்கில் நீதிபதி பகவதி இதை இன்னும் விரித்தார். தண்டனை பற்றிக் கேட்பது வாய்மொழியாக இரண்டு வார்த்தை பேச விடுவது என்று ஆகாது. எதிரியின் வளர்ப்பு, படிப்பு, வேலை, வீட்டுச் சூழல், மனநிலை, திருந்தும் வாய்ப்பு எல்லாவற்றுக்கும் இரு தரப்பும் ஆதாரம் வைக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்தப் பட்டியலைப் பாருங்கள். இதில் எதையாவது வழக்கறிஞர் தானாகச் சொல்லிவிட முடியுமா? இதில் பாதி உளவியலாளர் வேலை, பாதி சமூகப் பணியாளர் வேலை. ஆக, சமூக அறிவியல் உள்ளே வருவதற்குச் சட்டமே கதவைத் திறந்து வைத்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. உள்ளே வரத்தான் ஆளில்லை.

அப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வார்? ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கத்து இருபத்திரண்டு வயதுப் பையன். குடித்துவிட்டு நடந்த தகராறில் ஒருவரைக் கொன்றிருக்கிறான். 'இளம் வயது, வறுமை' என்று வக்கீல் சொல்வார். சமூகப் பணியாளர் அவன் ஊருக்குப் போவார். பள்ளிக்கூடத்தில் பதிவேட்டைக் கேட்பார். ஆறாம் வகுப்போடு பெயர் நின்றிருக்கும். ஏன் நின்றது என்று அம்மாவைக் கேட்பார். முதல் நாள் அம்மா எதுவும் சொல்லமாட்டார். மூன்றாவது முறை போகும்போது, அக்கா கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பையனை வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பியதைச் சொல்வார். இந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் அப்படிப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில், அடுப்புக்குப் பக்கத்தில், பதினாறு மணி நேர வேலை. கொதிக்கும் எண்ணெய் பட்ட தழும்பு முதுகில் இருக்கும். அங்கே அடித்திருப்பார்கள். தலையில் அடிபட்டதா, மயக்கம் வந்ததா, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா? திரும்பி வந்த பிறகு ராத்திரியில் தூங்கினானா? குடி எப்போது ஆரம்பித்தது? மீட்கப்பட்டவன் என்றால் மீட்புச் சான்றிதழ் கொடுத்தார்களா, பணம் வந்ததா?

இவ்வளவும் சேர்ந்தால்தான் 'வறுமை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை தெரியும். இதனால் கொலை இல்லை என்று ஆகிவிடாது. கொலை கொலைதான். தண்டனை எவ்வளவு என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு விதமான சாட்சியம் தேவை. அந்தச் சாட்சியத்தைத் தேடுகிற பயிற்சி எங்களுக்குச் சட்டக் கல்லூரியில் கிடைப்பதில்லை.

சமூகவியல் மாணவர்கள் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் துறை கோர்ட் வாசலுக்கு வந்த முதல் நாள் அவ்வளவு நல்ல நாள் கிடையாது. அதையும் பேச வேண்டும். அதற்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

இங்கிருந்து உசிலம்பட்டி நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும். அதைத் தாண்டிப் போனால் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அந்த ஊருக்குப் போலீஸ் படை போனது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், நம் மக்கள் பேச்சில் கைரேகைச் சட்டத்தின் கீழ், பிரமலைக் கள்ளர்களைப் பதிவு செய்யப் போனார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் ஏன் ரேகை வைக்க வேண்டும் என்று ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். ஊரில் நினைவுத் தூண் நிற்கிறது. போகாதவர்கள் ஒரு தடவை போய்வாருங்கள்.

இந்தச் சட்டம் 1871-இல் வட இந்தியாவுக்காக வந்தது. 1911-இல் திருத்தி எழுதியபோதுதான் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு கூட்டத்தையே 'பரம்பரையாகக் குற்றம் செய்கிறவர்கள்' என்று அரசு ஓர் அறிவிக்கையால் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். சந்தைக்குப் போனாலும், பொண்ணு பார்க்கப் போனாலும் சீட்டு. இவ்வளவுக்கும் சட்டத்தில் இன்னொரு வரி இருந்தது: அந்த அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது.

சமூக அறிவியல் இதில் எங்கே வருகிறது? எல்லா இடத்திலும் வருகிறது. சாதி என்பது தொழில், தொழில் என்பது பரம்பரை, ஆகவே திருட்டும் ஒரு பரம்பரைத் தொழில் என்பது அந்தக் காலத்து இனவரைவியல் கொடுத்த பாடம். இத்தாலியில் லொம்ப்ரோசோ 1876-இல் பிறவிக் குற்றவாளியைப் பற்றிப் புத்தகம் போட்டார். தாடையையும் நெற்றியையும் அளந்து குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு மாகாணம் முழுக்கச் சுற்றி மூக்கை அளந்தார். போலீசாருக்கும் பாடம் எடுத்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் அதிகாரிகளின் மேசையில் இருந்த நூல். தகவல் என்ற முறையில் அதில் இன்றைக்கும் பயன்படுகிற பக்கங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவை யாரும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஒரு ஆடு திருடினவனுக்குக்கூடச் சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. லட்சக்கணக்கான பேரைத் திருடர்கள் என்று சொன்ன சாட்சியை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-இல் அதே சென்னை அரசாங்கம் இன்னொரு சட்டமும் இயற்றியது: சென்னைக் குழந்தைகள் சட்டம். தப்புச் செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு சிறையில் போடாதே, தனி நீதிமன்றத்தில் விசாரி, திருத்தப் பார் என்று சொன்ன சட்டம். இந்திய மாகாணங்களில் அதுவே முதல். 1936-இல், நன்னடத்தையின் பேரில் குற்றவாளியை விடுவிக்கும் சட்டத்தையும் இதே மாகாணம் இயற்றியது. அகில இந்திய அளவில் அது வர 1958 ஆகிவிட்டது. ஒரே கோட்டைக்குள், ஒரே ஆண்டில், தனிப் பிள்ளையைப் பார்த்து 'இவன் திருந்துவான்' என்று ஒரு ஃபைல். ஒரு கூட்டத்தைப் பார்த்து 'இவர்கள் திருந்தமாட்டார்கள், ரேகை எடு' என்று பக்கத்து ஃபைல். இரண்டும் அந்தக் காலத்துச் சமூக அறிவியலிலிருந்து வந்தவைதான்.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுக்க 1952-இலும் குற்றப் பரம்பரைச் சட்டம் போனது. போனது என்று சொல்கிறோம். வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. ஸ்டேஷனில் ஹிஸ்டரி ஷீட் இருக்கிறது. சிறை விதிகளில் அந்தப் பழைய வாசனை அண்மைக்காலம் வரை அப்படியே இருந்தது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் பல மாநிலங்களின் சிறை விதிகளையும் சிறைக்குள் நடப்பதையும் விசாரித்து எழுதினார். சமையல் யாருக்கு, கக்கூஸ் கழுவுவது யாருக்கு என்று சாதி பார்த்து வேலை பிரித்திருந்தார்கள். அவர் தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை அரசமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாறு பக்கம் பக்கமாக இருக்கிறது. சட்டப் புத்தகத்தோடு சமூக வரலாற்றையும் விரித்து வைத்துக்கொண்டு எழுதிய தீர்ப்பு. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

அதில் நம் ஊர்ச் செய்தியும் உண்டு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதியில் அடைத்திருந்தார்கள். வெளியே சாதிக் கலவரம், உள்ளேயும் அடித்துக்கொள்வார்கள், அதனால் பிரித்து வைத்திருக்கிறோம் என்பது நிர்வாகத்தின் விளக்கம். முன்பு சென்னை உயர் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பாற்றுவது நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதியை மதில்சுவராக்கக் கூடாது என்றது. நிர்வாகத்தின் வாதமும் ஒரு வகைச் 'சமூக அறிவு'தான் என்பதைக் கவனியுங்கள். தென் மாவட்டத்தைத் தெரிந்தவர்கள் சொல்லும் வாதம். தெரிந்திருப்பதாலேயே அது சரியாகிவிடுவதில்லை.

இப்போது கடலைத் தாண்டி ஒரு வழக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். வாரன் மெக்கிளஸ்கி என்ற கறுப்பினத்தவர், 1978-இல் அட்லாண்டாவில் நடந்த கொள்ளையில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றதாக மரண தண்டனை பெற்றார். அவருடைய வக்கீல்கள் டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியரும் இரண்டு சகாக்களும் செய்த ஆய்வை நீதிமன்றத்தில் வைத்தார்கள். ஜார்ஜியாவில் 1970-களில் நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்து, குற்றத்தின் தன்மை, முன் தண்டனை போன்ற நிறத்தோடு சம்பந்தமில்லாத காரணங்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்த ஆய்வு. கொல்லப்பட்டவர் வெள்ளையர் என்றால், கறுப்பர் கொல்லப்பட்ட வழக்கைவிட மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு என்று வந்தது.

1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. ஆய்வு தப்பு என்று சொல்லவில்லை. சரி என்றே வைத்துக்கொள்வோம் என்றது. மாநிலம் முழுக்க என்ன நடக்கிறது என்பது இருக்கட்டும், இந்த வழக்கில், இந்த ஜூரி, இந்த மனிதரை நிறம் பார்த்துத் தண்டித்தது என்று காட்டு என்றது. மெக்கிளஸ்கி 1991-இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் ஓய்வு பெற்ற பிறகு தன் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம், மாற்ற முடியுமானால் அந்த வழக்கில் போட்ட ஓட்டை மாற்றிக்கொள்வேன் என்றார்.

பெருங்காமநல்லூரையும் ஜார்ஜியாவையும் நான் ஒரே மூச்சில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டத்தைப் பற்றிய அறிவு ஒருவரைத் தண்டிக்க உதவியபோது சட்டம் அதை அறிவிக்கையாகவே ஏற்றுக்கொண்டது. கேள்வி கேட்கவும் தடை போட்டது. கூட்டத்தைப் பற்றிய அறிவு ஒருவரைக் காப்பாற்ற வந்தபோது, 'இந்த ஆளுக்கு நடந்ததைக் காட்டு' என்று வாசலில் நிறுத்தியது. நாடு வேறு, காலம் வேறு, நீதிமன்றம் வேறு; இருந்தாலும் இந்தச் சாய்வு நம் கோர்ட்டிலும் உண்டு. சாதி சொல்லி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போவது சுலபம். அதே சாதியால் அவன் பட்டதைத் தண்டனை நேரத்தில் சொல்லிப் பாருங்கள், 'வழக்குக்குச் சம்பந்தமில்லாததைப் பேசாதீர்கள்' என்பார்கள்.

நம் நாட்டிலும் எண்கள் வந்துவிட்டன. 2016-இல் தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்து மரண தண்டனைக் கைதிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. சிறை சிறையாகப் போய்க் கைதிகளோடும் குடும்பங்களோடும் பேசித் திரட்டிய அறிக்கை. தூக்கு விதிக்கப்பட்டவர்களில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 76 சதவீதம் பேர் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லது மதச் சிறுபான்மையினர். இதை வைத்து நீதிபதிகள் எல்லாம் சாதி பார்க்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த எண்ணிலிருந்து அந்த முடிவுக்குத் தாவ முடியாது. நல்ல வக்கீல் வைக்க முடியாதவனுக்குத்தான் அந்த ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகவே முடிகிறது என்று சொல்ல அது போதும்.

எண்களைப் படிப்பதிலேயே நமக்குப் பயிற்சி போதாது என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாவட்டத்தில் பெண்கள் மீதான வன்முறைக்கு எஃப்.ஐ.ஆர். கூடிவிட்டது என்றால் உடனே 'குற்றம் பெருகிவிட்டது' என்று தலைப்புச் செய்தி. ஸ்டேஷனில் புகாரை வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதும் அதற்குப் பொருளாக இருக்கலாம். சரி, அது தனிச் சொற்பொழிவு.

கடலூர் மாவட்டத்து வழக்கு ஒன்றுக்கு வருகிறேன். பெயர்கள் வேண்டாம். 2009-இல் ஏழு வயதுப் பையனைப் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது கடத்தி, பணம் கேட்டு, கொன்றுவிட்டார்கள். தண்டிக்கப்பட்டவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. 2010-இல் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மூன்று நீதிமன்றங்களிலும் அவர் யார், எப்படி வளர்ந்தார், திருந்துவாரா என்ற கேள்விக்கு உருப்படியான தகவல் எதுவும் கேட்கப்படவில்லை.

2013 தீர்ப்பில் ஒரு காரணம் சொல்லப்பட்டிருந்தது. கொல்லப்பட்டது மூன்று பெண் பிள்ளைகளோடு பிறந்த ஒரே ஆண் பிள்ளை. வம்சத்தைத் தொடரவும் பெற்றோரை வயதான காலத்தில் பார்க்கவும் இருந்த பிள்ளை. அதனால் குற்றம் இன்னும் கொடியது என்று. நம் ஊரில் துக்க வீட்டில் யாரும் இப்படித்தான் பேசுவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அது ஒருவரின் உயிரை எடுப்பதற்கான காரணமாகத் தீர்ப்பில் உட்கார்ந்திருந்தது. ஒரே பெண் பிள்ளையாக இருந்திருந்தால் குற்றம் கொஞ்சம் குறைந்திருக்குமா? மறுஆய்வு மனு திரும்ப விசாரணைக்கு வந்து, 2023 மார்ச் 21-ஆம் தேதி தீர்ப்பளித்த தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு இதை நேராகவே சுட்டிக்காட்டியது. குழந்தை ஆணா பெண்ணா என்பது தண்டனையைக் கூட்டும் காரணமாக முடியாது, நீதிமன்றம் அப்படி ஒரு மதிப்பீட்டுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்றது.

சமூக அறிவியல் கோர்ட்டுக்குள் வர வேண்டும் என்று நான் சொல்லும்போது சில மூத்த வக்கீல்கள், 'சட்டத்துக்குள் வெளி விஷயத்தைக் கொண்டுவராதே' என்பார்கள். வெளி விஷயம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது, ஐயா. ஆண் பிள்ளைதான் வம்சம் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எந்தப் பிரிவு? திண்ணையில் கேட்டது தீர்ப்புக்குள் போயிருக்கிறது. பரிசோதிக்கப்படாத சமூக நம்பிக்கையோடு தண்டனை விதிப்பதா, பரிசோதித்த தகவலோடு விதிப்பதா என்பதுதான் நம் முன்னால் இருக்கும் கேள்வி.

அந்த மறுஆய்வில்தான் முதல் முறையாகச் சிறையிலிருந்து தகவல் கேட்டார்கள். ஒரு தடவை தப்பிக்கப் பார்த்திருக்கிறார்; மற்றபடி நடத்தை திருப்தி. சிறையிலிருந்தே உணவுத் தயாரிப்பில் டிப்ளமோ படித்திருக்கிறார். ரத்த அழுத்த நோய். அதற்கு முன் எந்தக் குற்றமும் கிடையாது. நடத்தை பற்றிய முக்கியமான தகவலைச் சொல்லாமல் விட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த காவல் அதிகாரிக்கு நீதிமன்றம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தூக்கு, குறைந்தது இருபது ஆண்டுக்குத் தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் சிறையாக மாறியது. தப்பிக்கப் பார்த்ததையும் மறைக்காமல் சேர்த்துப் பார்த்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். நல்ல பிள்ளைச் சான்றிதழ் தயாரிப்பது இந்த வேலையின் நோக்கம் ஆகிவிடக்கூடாது.

இனிச் சட்டம் எங்கே நிற்கிறது என்று சுருக்கமாக. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் மரண தண்டனை செல்லும் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்ன அமர்வு, குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும், திருந்தமாட்டார் என்பதை அரசுதான் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும் என்றது. நாற்பது ஆண்டுகளாக அரசுகள் அந்த ஆதாரத்தைக் கொண்டுவரவே இல்லை. நீதிமன்றங்களும் பெரும்பாலும் கேட்கவில்லை. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், உளவியல் மதிப்பீடு, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, சிறை அறிக்கை இவற்றை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை பற்றிய விசாரணைக்கு எதிரிக்கு எவ்வளவு நேரமும் வாய்ப்பும் தர வேண்டும் என்ற கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் நன்னடத்தை அலுவலர் என்ன செய்வார்? அவர் தலையில் நூறு வேலை. கிராமத்துக்குப் போய், வி.ஏ.ஓ.-விடம் கேட்டு, எதிர்வீட்டுக்காரர் வாக்குமூலம் வாங்கி, 'ஊரில் நல்ல பெயர் இல்லை' என்று இரண்டு பக்கத்தில் எழுதிவிடுவார். எதிர்வீட்டுக்காரர் யார்? கொல்லப்பட்டவரின் பங்காளியாக இருக்கலாம். வேறு சாதிக்காரராக இருக்கலாம். சேரிப் பையனைப் பற்றி ஊர்த் தெருவில் விசாரித்தால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாரை, எந்தத் தெருவில், எப்போது, யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டோம் என்பதே பதிலை மாற்றும் என்பது களப்பணிக்குப் போன முதலாண்டு மாணவருக்குத் தெரியும். சட்டத்துக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. போலீஸ் காவலில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியச் சட்டம் 1872-லிருந்தே நம்புவதில்லையே! கேட்கிற இடம் பதிலைக் கெடுக்கும் என்ற அதே பாடத்தை இந்த அறிக்கைக்கும் வைத்துப் பார்த்தால் போதும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அறிக்கை எழுதியவர் கூண்டில் ஏற வேண்டும். எத்தனை முறை போனீர்கள், யாரிடம் பேசினீர்கள், யாரிடம் பேசவில்லை, இந்த முடிவுக்கு எந்த வழியாக வந்தீர்கள் என்று இரு தரப்பும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். உளவியலாளருக்கும் இது பொருந்தும். 'திருந்த வாய்ப்பில்லை' என்று ஒரு மணி நேரச் சந்திப்பில் சொல்கிறவரை ஒரு மணி நேரமாவது கேள்வி கேட்க வேண்டும். எதிர்காலத்தில் ஒருவர் என்ன செய்வார் என்று சொல்வதில் நிபுணர்களும் அடிக்கடி தவறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் கைதி மறுபடி குற்றம் செய்வாரா என்று கணினி மதிப்பெண் போடுகிறது. கணக்கு எப்படிப் போட்டது என்று எதிரிக்கே சொல்வதில்லை. அதை இங்கே இறக்குமதி செய்யும் ஆசை யாருக்காவது வந்தால், 1911 சட்டத்தின் அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். முன்வரிசையில் ஒரு தங்கை அப்போதிருந்தே கையை உயர்த்தவா வேண்டாமா என்று யோசிக்கிறார். கொன்றவனுக்கு இவ்வளவு விசாரிக்கிறீர்கள், கொல்லப்பட்டவர் வீட்டுக்கு யார் போவது? நியாயமான கேள்வி. மேடையில் இரக்கம் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் எதிரித் தரப்பு வக்கீல். ஆனாலும் சொல்கிறேன், அந்த வீட்டுக்கும் ஆள் போக வேண்டும். தில்லி உயர் நீதிமன்றம் 2020-இல், தண்டனை விதிக்கும் கட்டத்தில் பாதிக்கப்பட்டவரின் நிலை பற்றி அறிக்கை வாங்கி, எதிரியின் வசதியையும் பார்த்து இழப்பீடு தீர்மானிக்க ஒரு முறையை வகுத்தது. நம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டு மனுவோடு காத்திருக்கும் தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். பணம் எப்போது வரும் என்று கேட்பார்கள். அதற்கு முன்னால், 'என்ன நடந்ததுன்னு எங்ககிட்ட யாருமே வந்து சொல்லல' என்பார்கள். பல குடும்பங்களுக்குத் தீர்ப்பு வந்ததே பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். அரசுத் தரப்பு அவர்களைச் சாட்சியாகக் கூப்பிட்டது, சாட்சி சொன்னதும் மறந்துவிட்டது.

அந்த வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கும், எதிரியின் வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கும் தேவைப்படும் பயிற்சி ஒன்றுதான். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. ஆனால் இரண்டுக்கும் ஆள் வேண்டும். இந்த வளாகத்தில் சட்டத் துறையும் சமூகப் பணித் துறையும் எதிரெதிர்க் கட்டடத்தில் இருக்கின்றன. சமூகப் பணி மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் களப்பணி கட்டாயம். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், முதியோர் இல்லத்துக்குப் போகிறார்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு யாரையும் அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. சட்ட உதவி வழக்கறிஞர்களில் இரண்டு மூன்று பேர் அடுத்த பருவத்திலிருந்து மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் இருப்பார்கள். துறைத் தலைவர்கள் இருவரும் மேடையிலேயே இருக்கிறார்கள், அவர்களிடமும் நேராகவே கேட்கிறேன்.

தங்கச்சி, இப்போது உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.